தீவகத்தின் பூட்டிய வீடுகளும் விடுமுறை வாடகையும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவோர் முன்னர் இரு வகையினராகவே இருந்தனர். நாகபூஷணி அம்மனையும் நாகவிகாரையையும் தரிசித்துவிட்டு மாலைக்குள் திரும்பும் யாத்திரிகர்கள் ஒரு வகை. ஊருக்குப் போகும் உறவினர்கள் மறு வகை. இரவு தங்க நேர்ந்தவர்களுக்கு மடமோ சொந்தக்காரர் வீடோ இருந்தது. இன்று மூன்றாவது வகையினரும் வருகின்றனர். கைத்தொலைபேசியில் வீடொன்றைப் பார்த்து, இரண்டு நாட்களுக்குப் பணம் செலுத்திவிட்டு வருகின்றவர்கள் இவர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், 2023 ஒக்டோபரில் நாகபட்டினம் - காங்கேசன்துறை கப்பல் சேவை ஆரம்பிக்கப்பட்டதும் இவ்வகையினரின் தொகையைப் பெருக்கவே செய்யும். நெடுந்தீவின் குதிரைகளையும் ஒல்லாந்தர் கோட்டையையும் காண வருவோர் அங்கேயே தங்க விரும்புவதில் வியப்பில்லை.

குடியிருப்பு வீதிகளில் இவ்வாறு வீடுகளைச் சில நாட்களுக்கு வாடகைக்கு விடுவது உலக நகரங்கள் பலவற்றில் பெரும் சர்ச்சையாகியுள்ளது. நியூயோர்க் நகரம் 2023 செப்டெம்பர் 5 ஆம் திகதி முதல் கடுமையான விதியை நடைமுறைப்படுத்தியது. 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுபவர் நகர நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும்; விருந்தினர் தங்கும்போது அவரும் அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும்; விருந்தினர் இருவருக்கு மேற்படலாகாது. பதிவில்லாத வீட்டுக்கு எயார்பிஎன்பி போன்ற இணையத்தளங்கள் முற்பதிவுப் பணம் பெறவும் முடியாது. இந்தக் கடைசி ஏற்பாடே விதிக்குப் பல்லைக் கொடுத்தது. ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்க்க எந்த நகர சபையிடமும் ஆளில்லை.

லண்டனில் முழுவீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளும், அம்ஸ்ரர்டாமில் கூடியது 30 இரவுகளும் மட்டுமே இவ்வாறு விடலாம். ஜப்பானில் 2018 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 180 நாட்களை அனுமதிக்கின்றது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதங்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே குற்றம். பார்சிலோனா நகர முதல்வர் 2024 இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, 10,000 இற்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு அனுமதிகள் எவையும் 2028 நவம்பருக்குப் பின் நீடிக்கப்படமாட்டா என அறிவித்தார்.

இந்நகரங்களின் கவலை, உள்ளூரவர்க்கு வாடகை வீடு கிடைக்காமற் போகின்றது என்பதாகும். தீவகத்தின் நிலைமையோ இதற்கு நேர்மாறானது. இங்கு வீடுகள் உள்ளன; குடியிருப்போர்தான் இல்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் 1990 களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படும் வீட்டை மற்றைய மாதங்களில் வாடகைக்கு விட்டால் கூரையாவது பழுதுபார்க்கப்படும் என்ற வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆதலால் பார்சிலோனாவின் தடையையோ லண்டனின் இரவுக் கணக்கையோ அப்படியே இங்கு கொண்டுவருவதில் பயனில்லை.

எங்கள் சிக்கல்கள் வேறு. முதலாவது தண்ணீர். இத்தீவுகளின் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. மின்பம்பி கொண்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். அது வாடகை வீட்டின் கிணற்றோடு நிற்பதில்லை. வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும் கெடுக்கும். ஒரு குடும்பத்துக்கென வெட்டப்பட்ட மலசலகூடக் குழியை வாரந்தோறும் பத்துப் பேர் பயன்படுத்தினால் என்ன நிகழும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நெடுந்தீவில் அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பி வாழ்வோருக்கு இது வாடகைப் பிரச்சினையன்று, குடிநீர்ப் பிரச்சினை.

இரண்டாவது உரிமை. வீட்டைப் பார்த்துக்கொள்ளுமாறு விடப்பட்டவர் உரிமையாளருக்குத் தெரியாமலே அதனை வாடகைக்கு விட வாய்ப்புண்டு. சகோதரர் நால்வருக்குப் பொதுவான காணியில் ஒருவர் மட்டும் வருமானம் பெறவும் கூடும். 10 ஆண்டுகள் எதிருரிமையாக அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது எமது சட்டம். பொறுப்பாளராக இருப்பவர் அதனால் உடனே சொந்தக்காரராகிவிடமாட்டார் எனினும், வழக்காடி நிரூபிக்கும் சுமை இல்லாதவரின் தலையிலேயே விழும். போரினால் இடம்பெயர்ந்தோருக்கென 2016 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆனால் அது 2009 மே 18 வரையான காலத்தையே கருத்திற்கொண்டது. அதன் பின்னரான ஆண்டுகள் அதற்குள் அடங்கா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்துவரும் முஸ்லிம் குடும்பங்களின் ஆதனங்களுக்கும் ரொறன்ரோவில் வாழும் தீவகத் தமிழரின் ஆதனங்களுக்கும் இவ்விடயத்தில் வேறுபாடில்லை.

ரொறன்ரோவைக் குறிப்பிட்டதால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கு ஒருவர் தாம் நிரந்தரமாக வசிக்கும் வீட்டை மட்டுமே, அதுவும் முழுவீடாயின் ஆண்டுக்கு 180 இரவுகள்தான், குறுங்கால வாடகைக்கு விடலாம். தமது அயலில் இவ்விதியை வரவேற்கும் எம்மவர், புங்குடுதீவிலுள்ள தமது வீட்டின் அயலவருக்கும் அதே நிம்மதி வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பாராக.

இலங்கையில் இதற்குச் சட்டமே இல்லை என்பது தவறு. 2005 ஆம் ஆண்டு 38 ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, ஹோம்ஸ்டே, வாடகை வீடு, பங்களா, விருந்தினர் விடுதி என வகைப்படுத்திப் பதிவு செய்கின்றது. 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமோ, அவ்வாறு பதிவான தங்குமிடங்களிடமிருந்து முன்னைய ஆண்டு வருமதியில் 1 சதவீதத்துக்கு மேற்படாத அனுமதிக் கட்டணத்தை அறவிடவும், உபவிதிகள் இயற்றவும் சபைகளுக்கு அதிகாரமளிக்கின்றது. 2023 மார்ச் முதல் இச்சபைகள் மக்கள் பிரதிநிதிகளின்றி இயங்கின. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் பின்னர் ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு ஆகிய மூன்று சபைகளும் மீண்டும் உறுப்பினர்களைப் பெற்றன. நயினாதீவு வேலணைச் சபைக்கே உட்பட்டது.

அச்சபைகள் கொண்டுவரக்கூடிய உபவிதியில், உரிமையாளர் அனைவரினதும் எழுத்துமூலச் சம்மதமோ அற்றோனித் தத்துவமோ இன்றிப் பதிவு வழங்கலாகாது என்பதை நாம் முதலிடத்தில் வைப்போம். கேரளத்தின் ஹோம்ஸ்டே முறையில் வீட்டார் அங்கேயே வசிக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேற்படலாகாது. வீட்டார் கடல்கடந்து வாழும் எமது தீவுகளில் இது முழுமையாகச் சாத்தியப்படாது. ஆயினும் பொறுப்பாளர் ஒருவர் அதே தீவில் வசித்தே ஆகவேண்டும். கடைசிப் படகு போன பின்னர் எழும் முறைப்பாட்டுக்கு யாழ்ப்பாண நகரிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. ஆட்தொகை, நீர்த்தாங்கி, மலசலகூடக் குழி ஆகியவற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த பின்னரே அனுமதி வழங்கப்படல் வேண்டும். கோயில், விகாரை, பள்ளிவாசல் அயலில் மது பரிமாறுவதற்குத் தடையும் வேண்டும்.

மடங்களையும், திருவிழாக் காலத்தில் பணம் பெறாது உறவினரைத் தங்கவைக்கும் வீடுகளையும் இவ்விதி தொடக்கூடாது. வணிகத்தைக் கட்டுப்படுத்தப் புறப்பட்டு விருந்தோம்பலுக்கு வரி விதித்த பழி சபைகளுக்கு வேண்டாம்.

உபவிதி நடைமுறைக்கு வருவதற்குச் சபையின் தீர்மானமும் மாகாண மட்ட அங்கீகாரமும் வர்த்தமானி அறிவித்தலும் தேவை. இவற்றுக்கு மாதங்கள் பல செல்லும். அதற்கிடையில், தத்தம் எல்லைக்குள் இப்போது வாடகைக்கு விடப்படும் வீடுகளின் பட்டியலைக் கிராம அலுவலர்கள் மூலம் திரட்ட இம்மூன்று சபைகளும் பிரதேச செயலகங்களின் உதவியை நாடலாம்.