காங்கிரஸ் செடியும் கோதுமைக் கப்பலும்: ஒரு திருத்தம்

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி உணவுப் பஞ்சம் பத்திப் பேசும்போது, போற போக்குல ஒரு விஷயம் சொன்னேன். பார்த்தீனியம் செடி பி.எல். 480 கோதுமையோட அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுன்னு. எங்க அப்பா சொன்னது, ஸ்கூல்ல மிஸ் சொன்னது, நானும் சொல்லிட்டேன். ஒரு நேயர் மெயில்ல ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தேதி சரி பாத்தீங்களா?" பாக்கல. அதுக்குத்தான் இந்த எபிசோடு.

செடியை உங்களுக்குத் தெரியும். காலி மனை, தண்டவாள ஓரம், குப்பைமேடு எல்லா இடத்துலயும் இருக்கும். கேரட் இலை மாதிரி இலை, பொடிப்பொடியா வெள்ளைப் பூ. சாமந்தி, சூரியகாந்தி குடும்பம். சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள நிலங்கள். லின்னேயஸ் 1753லேயே இதுக்குப் பேர் வச்சுட்டார். பூ காந்தி குல்லா மாதிரி வெள்ளையா இருக்கறதால காங்கிரஸ் செடின்னு பேர் வந்ததா சிலர் சொல்வாங்க. அப்போ ஆட்சியில இருந்த கட்சியைக் குத்திக்காட்ட வச்ச பேருன்னு வேற சிலர் சொல்வாங்க.

இப்போ தேதிகள். 1955 வாக்கில் புனேவில் இந்தச் செடியைப் பார்த்தாங்க. 1956ல் ராவ் என்ற தாவரவியலாளர், இது இந்தியாவுக்குப் புதிய வரவுன்னு எழுதினார். பி.எல். 480 அமெரிக்காவில் சட்டமானது 1954ல். ஆனா அதன்கீழ் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது 1956 ஆகஸ்ட்ல. அதாவது ஒப்பந்தத்துக்கு முன்னாடியே செடி புனேல இருந்திருக்கு.

அப்போ கோதுமைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? அவசரப்பட வேண்டாம். 1951லேயே ட்ரூமன் அரசு 19 கோடி டாலர் கடன் கொடுத்து, அதுல 20 லட்சம் டன் தானியம் அனுப்ப ஏற்பாடு பண்ணுச்சு. விதை அதுல வந்திருக்கலாம். ஆக, "அமெரிக்கத் தானியத்தோட வந்திருக்கலாம்"னு சொன்னா நியாயம். "பி.எல். 480ல வந்தது"ன்னு அடிச்சுச் சொன்னா தேதி இடிக்குது.

கதை இன்னும் பின்னாடி போகுது. 1814ல் வெளியான ராக்ஸ்பரோவின் கல்கத்தா தாவரவியல் பூங்காப் பட்டியலில் இந்தப் பேர் இருக்கு. 1880ல் பீகாரின் ஆராவில் எடுத்த உலர் மாதிரியும் இருக்கு. நாங்க ஆபீஸ்ல அடிக்கடி சொல்றதுதான்: பக் ரிப்போர்ட் ஆன நாளும் பக் உள்ள வந்த நாளும் ஒண்ணு இல்ல. 1956 ரிப்போர்ட் ஆன வருஷம், அவ்வளவுதான். அதுக்காக பழைய மாதிரி கோதுமையை முழுசா விடுதலை பண்ணிடாது. ஒரே செடி பல தடவை வந்திருக்கலாம்.

எப்படி வந்திருந்தாலும், பரவ அதுக்கு ரொம்ப நாள் ஆகல. முளைச்சு ஒரு மாசத்துல பூக்கும். நல்லா வளர்ந்த ஒரு செடி 15,000 விதைக்கு மேல கொடுக்கும். மாடு தொடாது. பார்த்தினின் என்ற ரசாயனம் பக்கத்துச் செடிகளை வளர விடாது. மனுஷத் தோலில் பட்டா சிலருக்கு அரிச்சு, புண்ணாகி, வருஷக்கணக்கா விடாது.

1984ல் பெங்களூரில் மெக்சிகோ வண்டு ஒன்றை இதைத் தின்பதற்காகவே விட்டாங்க. நல்லா வேலை செஞ்சுது. 1991ல் கர்நாடகத்தில் அதே வண்டு சூரியகாந்தி இலையைத் தின்பதைப் பார்த்ததும் ஒரே கலவரம். இன்னொரு வில்லன் கிடைச்சாச்சு! ஆய்வு பண்ணிப் பார்த்தப்போ, பார்த்தீனியத்தின் மகரந்தம் பக்கத்துச் சூரியகாந்தி இலைகளில் படிந்திருந்ததுதான் வண்டை இழுத்ததுன்னு தெரிஞ்சுது. அந்தப் பயிரையே அழிக்கிற பூச்சியா அது மாறல.

ரெண்டு கதையிலயும் எனக்கு உறைச்சது ஒண்ணுதான். யார் மேல பழின்னு முதல்ல முடிவு பண்ணிட்டு, ஆதாரத்தை அப்புறம் தேடறோம். நான் பண்ணதும் அதுதான். வெளிநாட்டுச் சதின்னு சொல்லும்போது கேட்க நல்லா இருக்கு, ஆனா நம்ம தெரு மனையை யார் சுத்தம் பண்றதுங்கற கேள்வி அதோட முடிஞ்சு போயிடுது.

அந்த வேலையை இன்னிக்கும் பெரும்பாலும் கையாலதான் செய்றாங்க. துப்புரவுப் பணியாளர்கள், களை எடுக்கிற அக்காக்கள், பல நேரம் கையுறைகூட இல்லாம. உங்க அபார்ட்மென்ட் பக்கத்துல இந்தச் செடி இருந்தா, பூக்கறதுக்கு முன்னாடி, மண் ஈரமா இருக்கும்போது வேரோட பிடுங்கச் சொல்லுங்க. பிடுங்கறவங்களுக்கு நீளக் கை சட்டையும் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்துட்டு சொல்லுங்க.

பழைய எபிசோடுல அந்த வரியைத் திருத்திட்டேன். மெயில் போட்ட நண்பருக்கு நன்றி. அடுத்த வாரம் பார்ப்போம்.