பனிக் கணவாயில் ஓர் அடுப்பு

கடல்மட்டத்திலிருந்து 2,469 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிர, இறைச்சி வேக மணிக்கணக்கில் ஆகும். அந்த உயரத்தில் மரமும் வளர்வதில்லை. விறகு வேண்டுமென்றால் கீழே ஃபெரே பள்ளத்தாக்கில் வெட்டி, கோடை மாதங்களுக்குள் பொதிவிலங்குகளின் முதுகில் ஏற்றிவந்து அடுக்கிவைத்தாக வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள பெரிய புனித பெர்னார்டு கணவாயில், இப்படிப்பட்ட அடுப்பில் சமைத்துத்தான் நூற்றாண்டுக் கணக்கில் வழிப்போக்கர்களுக்கு இலவசமாக உணவிட்டார்கள்.

ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் மிகப் பழைய பாதைகளில் இது ஒன்று. உரோமையர் உச்சியில் ஜூபிடருக்குக் கோயில் கட்டியிருந்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் பனியைவிடக் கொள்ளையரே பெரிய ஆபத்தாக இருந்தனர். குளூனி மடத்தின் அதிபர் மயோலுசையே 972இல் இந்தப் பாதையில் பிடித்து வைத்துக்கொண்டு மீட்புப்பணம் கேட்டார்கள். ஏறத்தாழ 1050இல் அவோஸ்தா பேராலயத்தின் தலைமைத் திருத்தொண்டர் பெர்னார்டு, உச்சியிலேயே ஒரு சத்திரம் எழுப்பினார்.

அந்நியருக்கு வீடு கட்டிக்கொடுப்பது அதற்கும் முந்திய கிறிஸ்தவ வழக்கம். 4ஆம் நூற்றாண்டில் செசரியா ஆயர் புனித பசிலியார், நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பயணிகளுக்குமாகப் பெரிய இல்லம் ஒன்றை அமைத்தார். அந்நியராய் வந்தவரை ஏற்றுக்கொண்டவர் கிறிஸ்துவையே ஏற்றுக்கொண்டார் என்ற மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தின் போதனைதான் இவர்களுக்கெல்லாம் ஆதாரம். கிறிஸ்து வணங்கப்படுவதும் பசியாற்றப்படுவதும் இவ்விடத்திலேயே என்பது கணவாய்ச் சத்திரத்தின் விருதுவாக்கு. சிற்றாலயத்துக்கு நிகராகச் சமையற்கட்டையும் வைத்த வீடு அது.

புனித அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் குருக்கள் இங்கே பணி செய்தார்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கும் மேல் பனி. இளம் வயதிலேயே மேலே வந்து, சில ஆண்டுகளில் உடல்நலம் கெட்டுப் பள்ளத்தாக்குக்கு இறங்கியவர்கள் பலர். குளிர்காலம் முழுக்க, சத்திரத்தின் வழிகாட்டிகள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் சுமந்து நாள்தோறும் பாதையில் இறங்கிப்போய், ஏறிவருபவர்களை எதிர்கொண்டு அழைத்துவருவார்கள். வருபவர் வணிகரா, கூலி தேடிப் போகிறவரா, கடத்தல்காரரா என்ற விசாரணை இருந்ததில்லை. காசும் கேட்டதில்லை, சிற்றாலயத்தில் ஒரு காணிக்கைப் பெட்டி இருந்தது, விருப்பமும் வசதியும் உள்ளவர்கள் போட்டார்கள். பனியில் இறந்துகிடந்தவர்களையும் சுமந்துவந்தார்கள். பாறையும் உறைந்த மண்ணுமான இடத்தில் குழி தோண்ட வழியில்லாததால், யாரேனும் வந்து அடையாளம் காணட்டும் என்று அவ்வுடல்களைத் தனிக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள்.

இரக்கம் ஒரு நாள் பொங்கி மறுநாள் வற்றிவிடுவது இயல்பு. அதை முறை வைத்துச் செய்கிற அன்றாட வேலையாக மாற்றியதே இவர்களின் பெரிய சாதனை.

அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? ஐரோப்பா எங்கும் சத்திரத்துக்கு நிலங்கள் எழுதிவைக்கப்பட்டன. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, எஸ்ஸெக்ஸின் ஹார்ன்சர்ச்சில் கொடுத்த சொத்து 12ஆம் நூற்றாண்டிலிருந்து 1391 வரை இவர்களிடம் இருந்தது. கணவாயைக் கண்ணால் பார்த்திராத உழவர்களின் விளைச்சலும் அந்த அடுப்புக்குப் போயிற்று என்பதை மறக்கக்கூடாது. 18ஆம் நூற்றாண்டில் சவோய் பகுதிச் சொத்துகள் கைவிட்டுப்போன பிறகு, குருக்கள் ஊர் ஊராகப் போய் நன்கொடை கேட்டுத்தான் வீட்டை நடத்தினார்கள்.

1800 மே மாதம் நெப்போலியனின் படை, ஏறக்குறைய 40,000 பேர், பீரங்கிகளை இழுத்துக்கொண்டு இந்தக் கணவாயைக் கடந்தது. துறவு மடங்களைச் சட்டம் போட்டுக் கலைத்த பிரெஞ்சுப் புரட்சியின் படை அது. ஆனாலும் குருக்கள் வாசலில் மேசை போட்டு, கடந்துபோன வீரர்களுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் பரிமாறினார்கள். அடுத்த மாதம் மாரெங்கோ போரில் உயிரிழந்த நெப்போலியனின் தளபதி தெசேயின் உடல் பின்னர் இந்தச் சத்திரத்தின் சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

உலகம் நினைவில் வைத்திருப்பதோ நாய்களை. 17ஆம் நூற்றாண்டில் காவலுக்கு வந்த பெரிய மலைநாய்கள், பனிமூட்டத்தில் வழி கண்டுபிடிக்கவும் புதையுண்டவரை மோப்பம் பிடிக்கவும் பழகின. 1800இல் பிறந்த பாரி என்ற நாய் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. அதன் பதப்படுத்திய உடல் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படங்களில் நாயின் கழுத்தில் தொங்கும் சிறு மதுப்பீப்பாய், 1820இல் ஆங்கில ஓவியர் லேண்ட்சீர் வரைந்த ஓவியத்தால் பரவிய கற்பனை. மதுவையும் ரொட்டியையும் சுமந்தது மனிதர்கள்தான்.

இந்தக் குருக்கள் ஆல்ப்ஸோடு நின்றுவிடவில்லை. 1930களில் சிலர் திபெத் எல்லையை ஒட்டிய சீன மலைப்பகுதிக்குப் போய், லட்சா கணவாயில் இதே போன்ற சத்திரம் கட்ட முயன்றார்கள். அது நிறைவேறவில்லை. அங்கே பணியாற்றிய மொரிஸ் தோர்னே 1949இல் கொல்லப்பட்டார். 1993இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார்.

1964இல் மலைக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்தது. கணவாயைக் கடக்க வேண்டிய கட்டாயம் அத்தோடு போயிற்று. நாய்களின் பராமரிப்பை 2005இல் மார்த்திஞி நகரின் பாரி அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. இப்போது குளிர்காலத்தில் மேலே வருபவர்கள், பனிச்சறுக்கு மட்டைகளோடு விரும்பி ஏறிவருபவர்களே. படுக்கைக்குக் கட்டணம் உண்டு. வந்து சேர்ந்ததும் கொடுக்கிற சூடான தேநீருக்குக் கட்டணம் இல்லை.