ஐயத்திற்குள்ளான ஆங்கிலம்

ஒப்படைகளை எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதுண்டா என்று, இங்கிலாந்திற் கற்கும் என் தம்பியின் மகளிடம் கேட்டேன். "இல்லைப் பெரியப்பா, தொடவே பயமாக் கிடக்கு. நான் சொந்தமா எழுதினதையே மெசின் எழுதினது எண்டு சொல்லிப்போட்டினம்" என்றாள். உயர்தரம் வரை தமிழிற் கற்றவள் அவள். அவளுடைய அச்சத்திற்குக் குறுகிய வரலாறொன்று உண்டு.

2022 நவம்பர் 30 இல் சாட்ஜிபிடி வெளியானது. மாணவர் அதனை நாடியதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. தாய்மொழியிற் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதவேண்டியவருக்கு, நள்ளிரவிலும் சலிப்பின்றிப் பிழை திருத்தித்தரும் துணை அது. (எங்கள் காலத்தில் அதற்கு ஆங்கில ஆசிரியரின் வீட்டுத் திண்ணையிற் காத்திருக்கவேண்டும்.) பல்கலைக்கழகங்களோ ஐயுற்றன. 2023 ஏப்ரலில் டேர்னிடின் நிறுவனம் இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவியை வழங்கியது.

இத்தகைய கருவிகள் பல, அடுத்துவரும் சொல்லை எவ்வளவு எளிதில் ஊகிக்கலாம் என்பதை அளப்பவை. எளிதில் ஊகிக்க முடிந்தால், எழுதியது இயந்திரம் என்று கொள்ளும். இரண்டாம் மொழியில் எழுதுபவரின் சொற்களஞ்சியம் சிறியது, வாக்கியமும் நேரானது. 2023 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தனர். சராசரியாக 61 சதவீதமானவை இயந்திரத்தினுடையவை என்று அவை கூறின. அதே கட்டுரைகளின் சொற்களைச் சாட்ஜிபிடியைக் கொண்டே மெருகூட்டியபோது, அவ்வீதம் ஏறத்தாழ 12 ஆகக் குறைந்தது! நேர்மையாக எழுதியவர் தம்மை மனிதரென நிரூபிப்பதற்கு இயந்திரத்தின் உதவி வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஜூலையில் ஓபன்ஏஐ நிறுவனம், துல்லியம் போதாதென்று தன் கண்டறியும் கருவியை மீளப்பெற்றது. ஆகஸ்டில் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் டேர்னிடினின் கருவியை நிறுத்தியது. நூற்றுக்கு ஒன்றே தவறுமென்று கொண்டாலும், 2022 இற் சோதனைக்கனுப்பிய 75,000 ஒப்படைகளில் ஏறத்தாழ 750 வீணே குற்றஞ்சாட்டப்பட்டிருக்கும் என்பது அதன் கணக்கு.

தம்பி மகளைக் காப்பாற்றியவை அவளுடைய கையெழுத்துக் குறிப்புகள். முதல் வரைவு தமிழில் இருந்தது. விசாரித்தவருக்கு அதை வாசிக்கத் தெரியாததால், வரிவரியாக விளக்கினாளாம். இப்போது ஒவ்வோர் ஒப்படையையும் முதலில் தமிழிற் கையால் எழுதி, திகதியிட்டு வைத்துக்கொள்கிறாள்.