ஃபண்டி விரிகுடா: கடலை மறித்த மக்களும் கடல் கடத்தப்பட்ட மக்களும்

கோடை விடுமுறை தொடங்கியதும் கனடாவில் வாழும் எம்மவருட் பலர் கூடாரங்களையும் சமையற் பாத்திரங்களையும் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைகளையும் கடற்கரைகளையும் நாடிச் செல்கின்றனர். நாட்டின் கிழக்கெல்லையான அத்திலாந்திக் கரைவரை பயணஞ் செய்யும் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. எங்கே கூடாரமடிக்கலாம், கட்டணம் எவ்வளவு என்பனவற்றை விசாரித்தறியும் நாம், அந்தக் கடலைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எதனையேனும் வாசித்தறிந்து செல்கின்றோமா? ஃபண்டி விரிகுடாவைப் பொறுத்தவரை அவ்வாசிப்பு வெறும் பொழுதுபோக்கன்று. அங்கே கடலின் இயல்பை அறியாதவருக்கு உயிராபத்து உண்டு. வரலாற்றை அறியாதவரோ, தம்மைப் போலவே ஊரிழந்த ஒரு மக்களின் நிலத்தில் நின்றுவிட்டு அதனை உணராமலே திரும்புவர்.

உலகின் மிகப் பெரிய வற்றும் பெருக்கும்

நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோசியா ஆகிய இரு மாகாணங்களுக்கும் இடையே ஏறத்தாழ 270 கிலோமீற்றர் நீளத்துக்கு உட்புகுந்து கிடக்கின்றது ஃபண்டி விரிகுடா. வாய் அகன்று, உள்ளே செல்லச் செல்ல ஒடுங்கியும் ஆழங்குறைந்தும் போகும் புனலின் வடிவம் அதற்கு உண்டு. யாழ்ப்பாணக் கரையில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானது. ஃபண்டியின் தலைப்பகுதியிலுள்ள மைனாஸ் குடாவிலோ இவ்வேறுபாடு 16 மீற்றர்வரை செல்கின்றது. இது ஐந்து மாடிக் கட்டடமொன்றின் உயரமாகும்.

இதன் காரணத்தை ஊஞ்சலைக் கொண்டு விளக்கலாம். ஊஞ்சல் திரும்பிவரும் தருணம் பார்த்துத் தள்ளினால் சிறு விசையே அதனை உயர எழுப்பிவிடும். ஃபண்டியில் நீர் உட்சென்று மோதித் திரும்புவதற்கு ஏறத்தாழ 13 மணித்தியாலங்கள் எடுக்கும். சந்திரனின் ஈர்ப்பினால் சமுத்திரத்தில் எழும் பெருக்கோ 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகின்றது. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போவதனால், ஒவ்வொரு பெருக்கும் முன்னைய அசைவை மேலும் வலுப்படுத்துகின்றது.

ஹோப்வெல் பாறைகள் என்னுமிடத்தில் வற்றுநேரத்தில் கடலின் அடித்தரையிலே நடந்து திரியலாம். அடியில் ஒடுங்கி உச்சியில் மரங்கள் வளர்ந்து நிற்கும் பாறைத் தூண்கள், பூச்சாடிகளைப் போலத் தோன்றும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தின் பின் அதேயிடம் ஆழ்கடலாகிவிடும். பெருக்கு வரும் நேரமும் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிந்திக்கொண்டே போகும். ஆகவே நேற்றுச் சென்ற நேரத்தை நம்பி இன்று செல்லுதல் ஆகாது. பிள்ளைகளுடன் செல்வோர் அன்றைய வற்றுப்பெருக்கு நேர அட்டவணையைப் பார்த்த பின்னரே கரையிறங்க வேண்டும். திடீரெனக் கவியும் கடற் பனிமூட்டமும் இப்பகுதியின் இயல்பேயாகும்.

வற்றும்போது வெளித்தெரியும் பரந்த சேற்றுநிலம் வெறுஞ் சேறன்று. அதில் வாழும் நுண்ணிய சேற்று இறால்களைத் தேடி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் உள்ளான் இனத்தைச் சேர்ந்த சிறு பறவைகள் பெருங்கூட்டங்களாக வந்திறங்குகின்றன. ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் இப்பறவை ஒன்றின் எடை 20 கிராம் அளவினதே. இரண்டு மூன்று வாரங்களில் உண்டு கொழுத்து எடையை இருமடங்காக்கிக்கொண்டு, இடையில் எங்கும் இறங்காமல் தென் அமெரிக்காவுக்குப் பறந்து செல்கின்றது. பெருக்கு நேரத்தில் கரையில் ஒதுங்கி இளைப்பாறும் இப்பறவைகளைக் கலைப்பது, அவை சேமித்த வலுவைப் பறிப்பதாகும். இவற்றின் தொகை அண்மைத் தசாப்தங்களில் குறைந்து வருவதால் இக்கவனம் மிகவும் அவசியமானது.

மதகு கண்ட அக்காடியர்

இக்கரைகளின் ஆதிக் குடிகள் மிக்மாக் மக்களாவர். அவர்கள் 18 ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய முடியுடன் சமாதான உடன்படிக்கைகளைச் செய்தனரேயன்றித் தமது நிலத்தை எவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

1604 இல் பிரெஞ்சுக்காரர் இப்பகுதிக்கு வந்து சென் குருவா என்னும் சிறு தீவில் குடியேறினர். முதலாவது மாரியிலேயே அவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப்பேர் நோயினால் மாண்டனர். எஞ்சியோர் 1605 இல் விரிகுடாவைக் கடந்து போர் ரோயல் என்னுமிடத்தில் குடியிருப்பை அமைத்தனர். பின்வந்த குடும்பங்கள் பல்கிப் பெருகி அக்காடியர் என்னும் தனி மக்களாயினர்.

ஏனைய குடியேறிகள் காட்டை வெட்டி நிலங்கண்டபோது, இவர்கள் கடலிடமிருந்து நிலத்தைப் பெற்றனர். உவர்ச் சதுப்பின் விளிம்பிலே புல்வேர் நிறைந்த மண்கட்டிகளை அடுக்கி அணை கட்டினர். அணையின் அடியில் மரத்தாலான மதகொன்றை வைத்தனர். அதன் உட்புறத்திலுள்ள தொங்கு கதவு, கடல் வற்றும்போது நன்னீரை வெளியே விடும். கடல் பெருகும்போது அந்நீரின் அழுத்தத்தினாலேயே தானாக மூடிக்கொள்ளும். சில ஆண்டுகளில் மழைநீர் உப்பைக் கழுவிவிட, உரமிடாமலே கோதுமை விளையும் வயல் கிடைத்தது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உவர்நீர்த் தடுப்பணைகளைக் கண்டவர்களுக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அணைவேலை தனியொருவரால் இயலாதது. ஊர் முழுவதும் சேர்ந்தே கட்டியது, சேர்ந்தே காத்தது. 1680 களில் குடியேற்றம் தொடங்கிய கிராண்ட் பிரே, அதாவது 'பெரும் புல்வெளி', இவ்வாறு எழுந்த ஊரேயாகும்.

1755: ஊர் கலைந்தது

1713 ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கைப்படி இந்நிலம் பிரித்தானியர் வசமாயிற்று. அக்காடியர் தமது வயல்களிலேயே இருந்தனர். எனினும் பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான போர்களில் எப்பக்கத்துக்காகவும் ஆயுதமேந்த மாட்டோம் என்பதே அவர்களின் நிலைப்பாடு. நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்யுமாறு 1755 இல் ஆளுநர் சார்ள்ஸ் லோரன்ஸ் வற்புறுத்தியபோது அவர்கள் மறுத்தனர்.

அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி, பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் யாவரும் கிராண்ட் பிரே தேவாலயத்துக்கு வருமாறு கேணல் ஜோன் வின்ஸ்லோ கட்டளையிட்டார். வந்த 418 பேரும் உள்ளேயே தடுத்து வைக்கப்பட்டனர். காணி, வீடு, கால்நடை யாவும் முடிக்குரியனவாகிவிட்டன என்றும், அனைவரும் நாடு கடத்தப்படுவர் என்றும் அறிவிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தினரை ஒரே கப்பலில் ஏற்ற வேண்டுமெனச் சொல்லப்பட்டபோதிலும், பல குடும்பங்கள் கரையிலேயே பிரிந்துபோயின. அவர்கள் திரும்பி வராதிருக்கும்பொருட்டு வீடுகள் கொளுத்தப்பட்டன.

1763 வரை நீடித்த இந்நடவடிக்கையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அமெரிக்கக் குடியேற்றங்களெங்கும் சிதறடிக்கப்பட்டனர். வர்ஜீனியா தன்னிடம் வந்தோரை ஏற்க மறுத்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. நோயினாலும் கப்பல் மூழ்கியும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

1759 நவம்பரில் வீசிய புயலில் அணைகள் உடைந்து வயல்களுள் கடல் புகுந்தது. அடுத்த ஆண்டு நியூ இங்கிலாந்திலிருந்து வந்து அந்நிலத்தைப் பெற்றுக்கொண்டோருக்கு அணை கட்டும் வித்தை தெரியவில்லை. எனவே சிறைப்பட்டிருந்த அக்காடியரையே கொண்டுவந்து, அவர்களுடையதாக இருந்த அணைகளை வேறொருவருக்காகத் திருத்துவித்தனர்.

1764 இல் திரும்புவதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் பழைய ஊர்கள் கிடைக்கவில்லை. பலர் நியூ பிரன்ஸ்விக்கின் கிழக்குக் கரைக்குச் சென்று, உழவரென்ற நிலை மாறி மீனவராயினர்.

பூங்காவுக்காக மீண்டும்

கதை அத்துடன் முடியவில்லை. அக்கிழக்குக் கரையில், மொங்க்டன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தூரத்தில் கூஷிபுகுவாக் தேசியப் பூங்கா உள்ளது. மணற்றிட்டுகளும் இளஞ்சூடான கடனீரேரிகளும் கொண்ட அப்பூங்கா, கூடாரமடிப்போர் விரும்பிச் செல்லுமிடம். 1969 இல் அப்பூங்காவை அமைக்கத் தீர்மானித்தபோது, இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் காணிகள் சுவீகரிக்கப்பட்டன. வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 1200 பேரிற் பெரும்பாலோர் அக்காடியர். ஜக்கி வோத்தூர் என்பவர் வெளியேற மறுத்தார். 1976 இல் அவரது வீடு இயந்திரங் கொண்டு இடிக்கப்பட்டது. அவரோ மீண்டும் வந்து குடியமர்ந்து, 2021 இல் இறக்கும்வரை தமது உரிமையை வற்புறுத்தி வந்தார். அப்போராட்டம் முற்றிலும் வீணாகவில்லை. பூங்காவுக்காக எவரது காணியையும் கட்டாயமாகச் சுவீகரிக்கும் முறையைக் கனடா கைவிட்டது. 2000 ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் அதனைத் தடைசெய்கின்றது.

அக்காடியருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை முடியின் பெயரால் ஒப்புக்கொள்ளும் பிரகடனம் 2003 இல் வெளியிடப்பட்டது. அதன்படி ஜூலை 28 ஆந் திகதி நினைவுநாளாக அனுட்டிக்கப்படுகின்றது. 2012 இல் கிராண்ட் பிரே உலக மரபுரிமைத் தலமாயிற்று. அணைகளுக்குப் பின்னால் இன்றும் பயிர் விளைகின்றது.

அத்திலாந்திக் கரை எம்மவருக்கும் முற்றிலும் அந்நியமானதன்று. 1986 ஆகஸ்ட் 11 ஆந் திகதி, நியூபவுண்லாந்துக்கு அப்பாலுள்ள பனிமூட்டக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழ் அகதிகளை அப்பகுதி மீனவர்களே மீட்டனர். அக்கடலின் கரையில் கூடாரமடிக்கும் எமது பிள்ளைகளுக்கு, அந்த 155 பேரின் கதையையும் தேவாலயத்துள் அடைக்கப்பட்ட 418 பேரின் கதையையும் பெற்றோர் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். பெருக்கு வருமுன் கரையேறக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு அவசியமோ, தாம் நிற்கும் நிலம் எவருடையதாக இருந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதும் அவ்வளவு அவசியமாகும்.