அடுக்குமாடிக் கட்டுமானமும் சூழல் மேலாண்மையும்

பெரிய குடியிருப்புகளைக் கட்டும்போது நிலம், நீர், காற்று ஆகியவற்றுக்கு நேரும் கேட்டை முன்கூட்டியே கணித்துக் குறைக்கும் பணியே சூழல் மேலாண்மை. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்கு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. நடைமுறையில் தூசித் திரை, தண்ணீர் தெளிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றிலேயே கவனம் குவிகிறது. இவை தேவைதான், ஆனால் இடத் தேர்வில் நேர்ந்த பிழையை இவற்றால் சரிசெய்ய இயலாது. கொச்சியை அடுத்த மரடு இதற்குச் சான்று. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் காயலோரத்தில் எழுந்த குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவற்றில் புதைந்த மணலும் சிமென்டும் மலைமலையாக இடிபாடாயின. அந்த இடிபாடுகளை அகற்றுவதே தனியொரு சூழல் சுமையானது.

இடத் தேர்வில் கட்டுப்பாடு விதிப்பது வீட்டு விலையை ஏற்றிவிடும் என்பர். ஏற்றக்கூடும். ஆனால் கட்டுப்பாட்டை மீறுவதற்கும் விலை உண்டு: மரடில் வீட்டை இழந்த ஒவ்வோர் உரிமையாளருக்கும் இடைக்கால இழப்பீடாகவே 25 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. மாடிக் கட்டடம் நிலத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதம் வலுவானது. மேட்டு நிலத்தில் அது முழுதும் பொருந்தும். ஈரநிலத்தை நிரப்பிக் கட்டினாலோ, அங்கே தேங்கவேண்டிய மழைநீர் அண்டை வீடுகளுக்குள் புகுகிறது.