சிகிச்சைத் தகவல் தொழில்நுட்ப மன்றம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் (தொடக்கம் 1930) உட்பிரிவான இது, குழந்தை மருத்துவத்தில் கணினிப் பயன்பாட்டில் ஈடுபாடுடையோரின் தொழில்சார் அமைப்பு. மின்னணு மருத்துவப் பதிவேடுகள் பெரும்பாலும் வயது வந்தோரைக் கருதியே வடிவமைக்கப்பட்டதால் இதன் பணி இன்றியமையாததாயிற்று. 2007இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியான இம்மன்றத்தின் அறிக்கை, குழந்தைகளுக்கான பதிவேட்டின் தனித்தேவைகளை எடுத்துரைத்தது: தடுப்பூசி விவரம், வளர்ச்சி வரைபடம், எடைக்கேற்ற மருந்தளவு, வயதுக்கேற்ற இயல்பளவுகள், வளரிளம் பருவத்தினரின் அந்தரங்கம். இவற்றுள் மருந்தளவு உயிரோடு நேரடித் தொடர்புடையது. பவுண்டில் அளந்த எண் கிலோகிராமாகப் பதிவானால் மருந்து இரு மடங்குக்கும் மேலாகிவிடும். பெயர் சூட்டுமுன்பே குழந்தையின் பதிவு தொடங்குவதால், பின்னர் பெயர் மாறினும் பழைய விவரங்கள் அறுபடாமல் தொடர வேண்டியதும் முக்கியத் தேவை.