அடுப்பங்கரையில் ஆறு சாடிகள்

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அரியணைகளும் போர்க்களங்களும் நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. ஆயின், அரியணை ஏறியோர் எக்காலத்தும் சிலரே; அடுப்பு மூட்டி உண்டு வாழ்ந்த குடும்பங்களோ எண்ணில் அடங்காதவை. அக்குடும்பங்கள் தம் பெயரைக் கல்லில் பொறித்து வைக்கவில்லை. அவர்தம் வாழ்வை நாம் அறிவதற்குத் துணை நிற்பவை, அவர்கள் புழங்கிய பொருள்களும், அப்பொருள்களை அவர்கள் வைத்த இடங்களுமே ஆகும். வைத்த இடம் எவ்வளவு பேசவல்லது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக, மாந்தர் திராட்சை மதுவைத் தம் இல்லங்களில் எங்கே வைத்துக் காத்தனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவப் பெருந்தகையின் வழியில் நிற்கும் நமக்குக் குடியைப் போற்றும் எண்ணம் இல்லை. எனினும், தான் விரும்பும் பொருள்களை மட்டுமே ஆராய்வேன் என்று வரலாற்று மாணவன் கூறுதல் பொருந்தாது.

திராட்சை மது எளிதில் கெடும் தன்மையது. வெப்பம் மிகுந்தால் சுவை குன்றும். காற்றுப் பட்டால் புளித்துக் காடியாகும். ஒளி பட்டாலும் தன்மை திரியும். உணவோடு பரிமாறுவோர்க்கு அது சமையலறைக்கு அருகில் இருத்தல் வேண்டும். சமையலறையிலோ நெருப்பு இருக்கிறது. அருகில் வேண்டும் என்னும் தேவைக்கும், நெருப்பை விட்டு விலக வேண்டும் என்னும் தேவைக்கும் இடையே மனிதன் கண்ட பல்வேறு தீர்வுகளே இவ்வரலாறாகும்.

மண்ணில் பதித்த சாடிகள்

ஈரான் நாட்டின் வடமேற்கே, சாக்ரோஸ் மலைப்பகுதியில், ஹாஜி பிரூஸ் தெபே என்னும் தொல்லூர் மேடு உள்ளது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சார்ந்த மேரி வொய்ட் என்னும் அம்மையார் 1968ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு நடத்தினார். வெயிலில் உலர்த்திய மண்கல்லால் கட்டப்பட்ட வீடொன்று வெளிப்பட்டது. அவ்வீட்டில் பெரிய கூடம் ஒன்றும், சமையலறை ஒன்றும், பொருள் சேமிக்கும் அறைகள் இரண்டும் இருந்தன. அடுப்பு இருந்த சமையலறையின் ஒரு சுவரோரமாக ஆறு மண்சாடிகள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9 லிட்டர் கொள்ளக்கூடியது. அவற்றின் வாய்க்குப் பொருந்தும் அளவிலான களிமண் அடைப்பான்களும் அருகிலேயே கிடைத்தன. இவற்றின் காலம் கி.மு. 5400க்கும் கி.மு. 5000க்கும் இடைப்பட்டது.

ஒரு சாடியின் அடியில் மஞ்சள் நிறப் படிவு காணப்பட்டது. அது பாலோ தயிரோ உறைந்ததாக இருக்கலாம் என்றே முதலில் கருதப்பட்டது. பல ஆண்டுகள் கழிந்தபின் பாட்ரிக் மெக்கவர்ன் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அப்படிவை வேதியியல் முறையில் ஆராய்ந்து, முடிவை 1996ஆம் ஆண்டில் வெளியிட்டனர். திராட்சையில் மிகுந்து காணப்படும் டார்டாரிக் அமிலத்தின் உப்பும், டெரிபிந்த் என்னும் மரத்தின் பிசினும் அதில் இருந்தன. எனவே, அது திராட்சை மது எனத் தெளிந்தனர். மது காடியாகாமல் தடுக்கப் பிசின் சேர்ப்பது பண்டையோர் கையாண்ட முறை.

இங்கு நாம் நின்று எண்ண வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேதியியல் ஆய்வு, சாடியில் இருந்தது யாதென்று சொல்லிற்று. ஆயின், அக்குடும்பத்தார் அதனை எவ்வாறு கையாண்டனர் என்பதைச் சொல்வது சாடி இருந்த இடமே. சேமிப்பறைகள் இரண்டு இருந்தும் அவர்கள் சமையலறையைத் தேர்ந்தனர். ஆகவே, அது அன்றாட உணவோடு தொடர்புடைய பொருளாகவே இருத்தல் வேண்டும். சமையலறையிலும் அதனைத் தரையில் பதித்தனர். மண் சாடியை அசையாது நிறுத்தும். நெருப்பின் வெம்மையையும் ஓரளவு தணிக்கும். சாடிகளைத் தோண்டி எடுத்தோர் அவை இருந்த இடத்தைக் குறிக்காது விட்டிருப்பின், இவ்வுண்மைகள் யாவும் நமக்குக் கிடைத்திரா.

மண்ணின் குளிர்ச்சியை நாடும் இம்மரபு இன்றும் மறையவில்லை. ஜார்ஜியா நாட்டில் முட்டை வடிவிலான பெரிய மண்தாழிகளைக் கழுத்தளவு புதைத்து மது ஆக்கும் முறை இன்றளவும் வழங்குகிறது. 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுல மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

உரோமர் கண்ட நெறி

அனுபவத்தால் அறிந்ததை நூலாக எழுதி வைத்தவர்கள் உரோமர். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், பண்ணை வீட்டில் மது அறையின் பலகணிகள் வடக்கு நோக்கி அமைய வேண்டும் என்றார். வெயில் படும் திசையில் அமைந்தால் வெப்பத்தால் மது வலிமை இழக்கும் என்பது அவர் கூறும் காரணம். அடுத்த நூற்றாண்டில் வேளாண்மை நூல் இயற்றிய கொலுமெல்லா, மது அறையானது குளியலறைக்கும் அடுப்புக்கும் எருக்குழிக்கும் தொலைவில் இருத்தல் வேண்டும் என்றார். அவரே பிறிதோரிடத்தில், மது விரைந்து முதிர வேண்டுமாயின் புகை எழும் இடங்களுக்கு மேலே உள்ள பரணறையில் வைக்கலாம் என்றும் உரைக்கிறார். நோக்கம் மாறினால் இடமும் மாறும் என்பது இதனால் விளங்கும்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் மூழ்கிய வில்லா ரெஜினா என்னும் பண்ணை வீட்டில், 18 பெருந்தாழிகள் முற்றத்து மண்ணில் புதைந்தவாறே காணப்பட்டன. தாழியில் முதிர்ந்த மது, ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளில் அடைக்கப்பட்டு வெளியூர்களுக்குச் சென்றது. அச்சாடிகளின் உடைசல்கள், 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரனார், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பற்றிக் குறிப்பிடுவதைத் தமிழாசிரியர் அறிவர். இலக்கியத்தின் சொல்லும் அகழாய்வின் ஓடும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்ட இது நல்ல வாய்ப்பாகும்.

நிலவறையிலிருந்து குளிர்பெட்டி வரை

இடைக்கால ஐரோப்பாவில் மண்தாழியின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்தது. இங்கிலாந்தின் பெருமனைகளில் உணவுக்கூடத்தை ஒட்டிப் பானங்களுக்கெனத் தனியறை அமைத்தனர். தீ விபத்துக்கு அஞ்சிச் சமையலறையைச் சற்று விலக்கிக் கட்டினர். சவுதாம்ப்டன் துறைமுக நகரில், 1290ஆம் ஆண்டையொட்டி ஒரு வணிகர் கட்டிய இல்லம் இன்றும் நிற்கிறது. அதன் கீழே வளைவுக் கூரையுடைய நிலவறையில் மதுப்பீப்பாய்கள் வைக்கப்பட்டன. கோடையிலும் குளிரிலும் வெப்பநிலை பெரிதும் மாறாமை நிலவறையின் சிறப்பு.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் நிலக்கரித் தீயில் உருவான வலிய கண்ணாடிப் புட்டிகள் பரவின. தக்கை அடைப்பு அவற்றோடு இணைந்தது. தக்கை உலர்ந்தால் சுருங்கிக் காற்றுக்கு வழிவிடும். ஆதலின் புட்டியைக் கிடத்தி வைக்கும் வழக்கம் தோன்றிற்று. மது ஏன் கெடுகிறது என்பதை நுண்ணுயிர்களைக் கொண்டு விளக்கிய லூயி பாஸ்டரின் நூல் 1866ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. ஏழாயிரம் ஆண்டுகளாக மனிதன் காரணம் அறியாமலே சரியான இடத்தை நாடி வந்திருக்கிறான் என்பது வியத்தற்குரியது.

இருபதாம் நூற்றாண்டில் அடுக்குமாடி வீடுகள் பெருகின; அங்கு நிலவறை இல்லை. மது மீண்டும் சமையலறைக்கே திரும்பிற்று. இடம் இன்மையால் பலர் குளிர்பெட்டியின் தலைமேல் புட்டிகளை அடுக்கினர். உள்ளே குளிரூட்டும் அப்பெட்டி வெளியே வெப்பத்தை உமிழ்கிறது, அதன் பொறி அதிர்கிறது, விளக்கொளியும் படுகிறது. நெடுநாள் காக்க ஏறத்தாழ 12 அல்லது 13 பாகை செல்சியஸ் வெப்பநிலையும், இருளும், அசைவின்மையும் ஏற்றவை. அடுப்புக்கு எதிர்மூலையில், தரையோரமாக, கதவுள்ள தாழ்ந்த அடுக்கே சமையலறையில் ஓரளவு பொருத்தமான இடம். அதுவோ, ஹாஜி பிரூஸ் தெபேயின் இல்லத்தார் அன்று கண்ட தரைமட்டத்துக்கு அணித்தானதே!

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

ஆறு சாடிகள் இருந்த இடம் ஒரு குடும்பத்தின் வாழ்வை ஏழாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் எடுத்துரைக்கிறது. நம் நாட்டின் தோட்டப்புறங்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயத்து வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே அம்மி கிடந்த மூலை எது? ஊறுகாய்ச் சாடி எந்தப் பலகையில் இருந்தது? தண்ணீர்ப் பானை ஏன் வாயிலருகே வைக்கப்பட்டது? இவற்றை அறிந்த மூதாட்டியர் இன்னும் சிலர் நம்மிடையே உள்ளனர். மாணவர்கள் அவர்களை அணுகிக் கேட்டு, அச்சமையலறைகளை வரைபடமாக வரைந்து, ஒவ்வொரு பொருளும் இருந்த இடத்தையும் அதற்குரிய காரணத்தையும் எழுதி வைத்தல் வேண்டும். அம்மியை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம். அது கிடந்த இடத்தைச் சொல்லும் நாவினை அவ்வாறு வைத்தல் இயலாது. அந்நாவு பேசும் காலத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நம் கடமையாகும்.